கொழுந்து யார் கையில் தேயிலையாகிறது?

நாகர்கோவில் வடசேரியிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலைக்கு அசம்பு ரோடு என்று பெயர். நாள்தோறும் அதில் போய்வருகிறவர்களில் பலருக்கு அது ஒரு மலையின் பெயர் என்பதும், அந்த மலைச்சரிவுகளில் ஒரு காலத்தில் காப்பியும் தேயிலையும் நட்டிருந்தார்கள் என்பதும் தெரிந்திருக்காது. இன்று குமரி மாவட்டத்துக்காரருக்குத் தேயிலை என்றால் ஊட்டி, மூணாறு, அல்லது கடையில் தொங்கும் பாக்கெட். சாயாக்கடையில் கட்டன் கேட்டுக் குடிக்கிற நமக்கு அந்தத் தூள் எந்த மலையில் விளைந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அப்படிக் கேட்டாலும் கடைக்காரரால் சொல்ல முடியாது. அது பல மலைகளின் தூளை ஒன்றாய்க் கலந்து கட்டியது.

அண்மை ஆண்டுகளில் இதற்கு நேர்மாறான ஒரு தேயிலை பேசப்படுகிறது. ஒரே குடும்பம், தன் சொந்த நிலத்தில் பறித்த கொழுந்தைத் தானே பக்குவம் செய்து, தன் பெயரையும் ஊரையும் போட்டு, கிலோ சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற தேயிலை அது. ‘சிறப்புத் தேயிலை’ என்கிறார்கள். அதே செடி, அதே இலை. விலை மட்டும் ஏன் இப்படி என்று உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார். வெறும் விளம்பரமா, உள்ளே சரக்கு இருக்கிறதா என்பது அவர் கேள்வியின் உள்ளர்த்தம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, கொழுந்து செடியை விட்டுப் பிரிந்ததும் அதற்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை, ஊலாங், கருந்தேயிலை எல்லாமே கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள்தாம். வேறுபாடு முழுவதும் பறித்த பின் வருகிற சில மணி நேரங்களில் உண்டாகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப்பட்ட கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கருந்தேயிலை செய்வதானால் அதை மெல்லிய அடுக்காகப் பரப்பி, காற்றோட்டத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாடவிட வேண்டும். வாடியதை உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிவருகிறது. சாற்றிலுள்ள கேட்டசின்கள் என்னும் இயற்கை வேதிப்பொருள்கள் நொதியின் உதவியால் காற்றோடு வினைபுரிந்து, நிறமும் துவர்ப்பும் மணமும் தருகிற வேறு பொருள்களாக மாறுகின்றன. இதைத் தொழிற்சாலைகளில் நொதித்தல் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையில் இட்லி மாவு புளிப்பது போன்ற நுண்ணுயிர் வேலை எதுவும் இதில் இல்லை, நறுக்கிய வாழைக்காய் கறுப்பதற்கு நெருக்கமான செயல் இது. அந்த மாற்றம் வேண்டிய அளவுக்கு வந்ததும் சூட்டில் காயவைத்து நிறுத்துகிறார்கள். கடைசியில் இலையில் மிஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே.

ஒவ்வொரு கட்டத்திலும் கடிகாரத்தை விடக் கையும் மூக்கும் முன்னால் நிற்கின்றன. வாடிய இலையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்தால், அது உருண்டையாகவே கிடக்காமலும் சட்டென்று விரிந்துவிடாமலும், துவைத்துப் பிழிந்த துணி அவிழ்வதுபோல மெல்ல மெல்ல அவிழ வேண்டும். காம்பை மடக்கினால் ஒடியக் கூடாது, வளைய வேண்டும். அதற்குள் பச்சை இலையின் நெடி போய், பழுத்த பழத்தின் வாசனை எழத் தொடங்கியிருக்கும். மழை நாளில் இதற்கு ஆகிற நேரம் வேறு, காற்று வீசும் நாளில் வேறு. இரவு இரண்டு மணிக்கு இலை பக்குவப்பட்டால் இரவு இரண்டு மணிக்கே உருட்ட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டால் அந்த நாள் இலை போயிற்று.

கொழுந்து இவ்வளவு அவசரக்காரப் பொருளாக இருப்பதுதான் முழுக் கதைக்கும் அடிப்படை. சாக்கில் திணித்து, லாரியில் அடுக்கி, மலைப்பாதையில் மூன்று மணி நேரம் போனால் நடுவிலிருக்கும் இலை தன் சூட்டிலேயே வெந்து சிவக்கும். பிறகு எந்த இயந்திரமும் அதை மீட்காது.

நம் நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி இந்த அவசரத்தை வேறு விதமாகச் சமாளிக்கிறது. 1930-களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. முறை, பல் வைத்த உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடுகிறது. வேகமான முறை, கொதிக்கும் தண்ணீரில் சட்டென்று கடுஞ்சாயம் இறங்கும், பாலும் சீனியும் சேர்த்தாலும் சுவை அமுங்காது. இந்தியாவில் செய்யப்படும் தேயிலையில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு இந்த வகைதான். அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் விடியற்காலை நான்கு மணிக்கு ரப்பர் வெட்டப் போகிறவருக்குத் தெம்பு தருகிற சாயா அதில்தான் வருகிறது. ஆனால் குருணையாகிவிட்ட இலையில், இது எந்த மலை, எந்த மாதம், பறித்தது யார் என்ற வேறுபாடுகள் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. இலையை முழுதாக வைத்து உருட்டும் பழைய முறையில் அவை தங்குகின்றன. சிறப்புத் தேயிலை செய்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்தப் பழைய முறையைத்தான்.

இனி காசுக் கணக்கு. பத்து ஹெக்டேருக்குச் சற்று மேல், அதாவது இருபத்தைந்து ஏக்கர் வரை வைத்திருப்பவரைத் தேயிலை வாரியம் சிறு விவசாயி என்கிறது. நீலகிரியில் பலரிடம் இருப்பது ஓரிரண்டு ஏக்கர்தான். நாட்டின் மொத்தத் தேயிலையில் பாதிக்கும் மேல் இப்படிப்பட்ட சிறு நிலங்களிலிருந்து வருகிறது. இவர்களிடம் தொழிற்சாலை கிடையாது. பறித்த இலையை அன்றைக்கே ஏதாவதொரு தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும்; நெல்லைப் போலக் குதிரில் போட்டு நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாத பொருளை வைத்திருப்பவர் பேரத்தில் எங்கே நிற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் நீலகிரிச் சிறு விவசாயிகள் பசுந்தேயிலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். போராடிக் கேட்ட அந்த விலை அப்படியே கிடைத்தாலும், ஒரு கிலோ தேயிலைக்கு அவர்கள் கைக்கு வருவது 150 ரூபாய்; பறிப்புக் கூலி, உரம், செடியை வெட்டிவிடும் கவாத்து எல்லாம் அதற்குள்தான்.

விலை குறையும்போது நல்ல பறிப்பும் குறைகிறது. இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுவதற்கு ஆளும் பொறுமையும் வேண்டும். முற்றிய இலைக்கும் இளங்கொழுந்துக்கும் ஒரே விலை என்றால் கத்தரிக்கோல் வைத்து மொத்தமாக வாருவதுதான் விவசாயிக்குக் கட்டுப்படியாகும். இலை மோசமானால் தூள் மோசமாகிறது. தூளின் ஏல விலை இறங்க, இலைக்கான விலை மேலும் இறங்குகிறது. இந்தச் சுழலை உடைக்கத்தான் 1965-இல் தொடங்கிய இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகள் நீலகிரியில் இயங்குகின்றன. அது ஒரு வழி. குடும்பமே தொழிற்சாலையாவது இன்னொரு வழி.

இந்த இரண்டாம் வழியைக் குமரி மாவட்டத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை, ஏனென்றால் ரப்பரில் நாம் அதைச் செய்துவந்தவர்கள். வெட்டியெடுத்த பாலை அப்படியே விற்கலாம். அல்லது ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அடித்து, புகைப்புரையில் காயப்போட்டு, ஷீட்டாக விற்கலாம். பாலும் கொழுந்தைப் போன்றதே: மணிக்கணக்கில் கெட்டுப்போகும், காத்திருக்காது. ஷீட்டோ மாதக்கணக்கில் காத்திருக்கும். பால் ஷீட்டாகிற அந்த வேலையைத் தன் வீட்டுப் பின்கட்டிலேயே செய்துகொண்டதால், விலை ஏறும் வரை சரக்கைப் பிடித்துவைக்கிற அதிகாரம் சிறு விவசாயிக்கு வந்தது. பல வீடுகளில் பெண் கல்யாணத்துக்கான சேமிப்பே பரணில் அடுக்கிய ஷீட்தான்.

ஒப்புமை இதற்கு மேல் ஓடாது. காரணத்தை நான் சிறுவனாக இருக்கும்போதே கண்டேன். குலசேகரத்தில் ஒரு கடைக்கு அப்பாவோடு ஷீட் கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் ஒவ்வொரு ஷீட்டாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே சிறு குமிழிகள் தெரிந்தன. “அண்ணாச்சி, இது நாலு போகாது, லாட்டுதான்” என்று ஒரே சொல்லில் நான்காம் தரத்துக்கும் கீழே இறக்கி, ஓரமாகப் போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தக் குமிழிகள் உண்மை. ஆனால் மற்ற ஷீட்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அவை நான்காம் தரம் என்ற எண்ணுக்கு மேல் எதையும் சுமக்கப் போவதில்லை. ரப்பரில் தரம் ஒரு எண். எண்ணுக்குள் போனதும் விவசாயியின் பெயர் மறைந்துவிடும். வண்டிச் சக்கரத்தில் ஓடுகிறவருக்கு அது எந்த விளையில் வெட்டிய பால் என்று தெரியத் தேவையும் இல்லை. தேயிலையை மனிதர் வாயில் வைத்துச் சுவைக்கிறார். மண்ணின் புளிப்புத்தன்மை, பனி, பறித்த மாதம், வாடவிட்ட விதம் எல்லாம் கோப்பை வரைக்கும் வந்து சேருகிற பயிர் அது. அதனால் பெயருக்கு அங்கே விலை உண்டு.

ஆனால் அந்தப் பெயர் இதுவரை யாருடையதாக இருந்தது என்று பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்திருவிதாங்கூரின் அசம்பு மலையில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காடழித்துக் காப்பி வைத்தார்கள். 1869-இல் இலங்கையில் காணப்பட்ட காப்பி இலைத்துரு நோய் பிறகு தென்னிந்தியாவுக்கும் பரவிக் காப்பியைச் சாய்த்தது. இலங்கை 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலைக்குத் திரும்பியது. அசம்புப் பக்கமும் தேயிலை முயன்றார்கள். காலப்போக்கில் குமரி மலையடிவாரம் ரப்பருக்குப் போனது. அதே மலைத்தொடரில் திருநெல்வேலிப் பக்கம், மாஞ்சோலையில், 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்டுத் தேயிலை வளர்ந்தது. 2024-இல் அங்கே தோட்ட வேலை நின்றபோது, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தது.

இலங்கைக்குப் போன தமிழரின் கதையும் இங்கே வந்து முடிகிறது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், இன்னொரு பகுதியினர் குமரியின் கீரிப்பாறைப் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களுக்கும் வந்தார்கள். கொழுந்தின் பக்குவத்தை விரல்நுனியில் வைத்திருந்த கைகள் இங்கே பால்வெட்டும் கத்தியைப் பிடித்தன. தேயிலையில் ‘தலைமுறை அறிவு’ என்று இப்போது பாக்கெட்டில் அச்சிடப்படும் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வருகிறது. தமிழரிடம் அந்த அறிவு நூறாண்டுக்கு மேலாக இருந்தது. நிலம் இல்லை, தொழிற்சாலை இல்லை, பாக்கெட்டில் பெயரும் இல்லை. இலையை அறிந்தவர் ஒருவர், பெயர் போட்டவர் வேறொருவர் என்றே இந்தத் தொழில் அமைந்திருந்தது. சிறு குடும்பம் தன் கொழுந்தைத் தானே தேயிலையாக்கி விற்கிறது என்றால், பிரிந்து கிடந்த இந்த இரண்டும் ஒரு வீட்டுக்குள் வருகின்றன. அந்தத் தொழிலின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நடைமுறையில் அதற்குப் பலன் உண்டு. எந்தச் சரிவில் பனி அதிகம், எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கும், எந்த வரிசை கவாத்து முடிந்து புதுத் தளிர் விடுகிறது என்பதெல்லாம் தெரிந்தவரே இரவில் இலை வாடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைய இலை சரியில்லை என்று பட்டால் சிறப்புத் தேயிலை செய்யாமல், வழக்கம்போலத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். பெரிய ஆலைக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அதற்குத் தினமும் டன் கணக்கில் இலை ஓடியாக வேண்டும். நீலகிரியில் டிசம்பரிலிருந்து உறைபனிக் காலத்தில் செடி மெதுவாக வளரும். இலை குறைவு, மணம் மிகுதி. எடைக்கு விற்பவருக்கு அது நட்டக் காலம். சிறு குடும்பத்துக்கு ஆண்டின் சிறந்த சரக்கு கிடைக்கும் காலம்.

விலையில் இன்னொரு பங்கு எங்கே போகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. சிறிய உருட்டும் இயந்திரம், உலர்த்தி, உணவுப் பாதுகாப்பு உரிமம், காற்றுப்புகாத உறை, அனுப்பும் செலவு எல்லாவற்றையும் சில நூறு கிலோவின் மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. 1947-இல் தொடங்கிய கொச்சி ஏலமும் 1963-இல் தொடங்கிய குன்னூர் ஏலமும் பெருஞ்சரக்குக்காக அமைந்தவை. முப்பது கிலோவை வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பயனில்லை. ஆகவே வாங்குபவரை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்க வேண்டும், அதுவும் பயிர் செய்வதற்கு இணையான உழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்தின் கூலி. பறிக்கும் மனைவி, இரவில் விழித்திருக்கும் மகன், பொட்டலம் கட்டும் தாய் ஆகியோரின் உழைப்புக்குக் கணக்கு எழுதாமல் இலாபம் என்று சொன்னால் அது இலாபமே அல்ல. நம் மாவட்டத்தின் பல குடும்பத் தொழில்களில் இந்தக் கணக்கு எழுதப்பட்டதே இல்லை, குறிப்பாகப் பெண்களின் பங்கு. கிலோ சில ஆயிரம் என்ற விலை மிகை என்று சொல்வோர், அந்தக் கூலியைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் வேறு தொகை வரும்.

குமரியில் மீண்டும் தேயிலை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், அதற்கு முன் கையில் இருப்பதைப் பாருங்கள் என்பதே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும் நம் மலைகளில், மாறாமலையிலும் வீரப்புலியிலும் மகேந்திரகிரிப் பக்கத்திலும் விளையும் கிராம்பு, இந்தியக் கிராம்பில் பெரும்பங்கு. 1800-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்து நறுமணத் தோட்டத்தில் வைத்த பயிர், 1850-க்குப் பிறகு நாகர்கோவில் மலைகளுக்கு வந்தது. நட்டு ஏழெட்டு ஆண்டு கழித்தே பூக்கத் தொடங்கி, பதினைந்து இருபது ஆண்டில்தான் முழு விளைச்சலுக்கு வரும் மரம். தாத்தா நட்டதைப் பேரன் பறிக்கிறான் என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல. பறிப்புக் காலத்தில் மாலையானால் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து, கொத்துக் கொத்தாக வந்த மொட்டுகளைக் காம்பிலிருந்து கையால் உதிர்த்துப் பிரிப்பார்கள். இளஞ்சிவப்பாக வரும் மொட்டு நாலைந்து நாள் வெயிலில் பழுப்பாகிக் காயும். மறுநாள் குளித்த பிறகும் விரலில் அந்த மணம் போகாது. மொட்டு விரிந்து பூவாகிவிட்டால் தரம் போயிற்று. இங்கேயும் நாள் தப்பக் கூடாது.

2021-இல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் பெரும்பாலான குடும்பங்கள் சாக்கில் கட்டி மொத்த வியாபாரிக்கே போடுகின்றன; அங்கே அது வெளிநாட்டுக் கிராம்போடு சேர்ந்து வெறும் கிராம்பாகிறது. இந்தியாவில் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்ற டார்ஜிலிங் தேயிலை அந்தப் பெயரை வைத்து விலை கேட்கிறது. குறியீடு என்பது உரிமைப் பத்திரம்; அதைப் பொட்டலத்தின் மேல் போட்டு, பறித்த மாதமும் மலையும் எழுதி விற்கிற வேலையைக் குடும்பம்தான் செய்ய வேண்டும். கிராம்பு போட்ட தேயிலை என்று விற்கவும் சிலர் யோசிக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. கிராம்பின் கடுமணம் எந்த மட்டமான தூளையும் மூடிவிடும். நல்ல கொழுந்தை வாங்கி அதன்மேல் கிராம்பைப் போடுவது இரண்டுக்கும் நட்டம். நம் கிராம்பு முதலில் கிராம்பாகவே பெயர் பெறட்டும்.

அந்த உறவினருக்கு நான் சொன்ன சோதனை எளிது. பொட்டலத்தில் பறித்த காலமும் இடமும் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் கொதி அடங்கிய வெந்நீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்தால் இலை விரிந்து, இரண்டு இலையும் மொட்டுமாக, பறித்த உருவம் தெரிய வேண்டும். அதே இலையில் இரண்டாம் முறை வெந்நீர் விட்டாலும் சுவை இறங்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வைத்துப் பால் ஊற்றுவதானால் அந்த விலை கொடுத்து வாங்க வேண்டாம்; கடைத்தூளே அதற்கு ஏற்றது.

அவர் வாங்கிவந்த பொட்டலத்தில் மாதமும் மலையும் எழுதியிருந்தன. எங்கள் வீட்டில் வைத்துத்தான் போட்டுப் பார்த்தோம். இரண்டாம் தடவை விட்ட தண்ணீரில்தான் மணம் நன்றாக எழுந்தது. இதை இரவில் விழித்திருந்து செய்ய அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களே என்று அப்பா சொன்னார். எங்கள் ரோலர் இரண்டும் ஆறு ஆண்டுகளாகப் பின்கட்டில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. மதியம் நின்று ஷீட் அடிக்க வீட்டில் ஆள் இல்லாததால், பாலில் அமோனியா ஊற்றி, வீப்பாயில் அடைத்து, காலை பத்தரை மணி வண்டியில் ஏற்றிவிடுகிறோம்.